கண்ணாடி இல்லாத காமிராவும் ஒன்பதாவது மாடியும்

மூன்றாவது பிளாக்கின் லிஃப்டைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். அதற்கு வேண்டிய உதிரிபாகம் வந்து சேர்ந்திருந்தது. அதை மாட்டத் தெரிந்த ஆளும் இருந்தாள். ஆகவே அந்த லிஃப்ட் எட்டு மாதம் ஓடவில்லை.

அவளுடைய பெயர் வாரியத்தின் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் கிரீஸக்கா. வீட்டு வாரியத்தின் பன்னிரண்டு பிளாக்குகளுக்கும் அவள் ஒருத்திதான் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்து மூன்று. எந்தச் சோப்புக்கும் மசியாத கறுப்பு ஒன்று நகக்கண்களில் நிரந்தரமாகக் குடியிருந்தது. அதிகாரிகளின் அறைக்குள் போனால் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எங்காவது லிஃப்ட் நின்றுபோனால் கைப்பேசியை ஸ்பேனர் பெட்டிமேல் சாய்த்து வைத்து, இரண்டு நிமிடம் பேசி, குடியிருப்போர் குழுவில் போட்டுவிடுவாள்.

“அஞ்சாவது பிளாக் லிஃப்ட் நின்னுபோச்சு. காரணம் இதோ, இந்தச் சக்கரம். விளிம்பு எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க. புதுசு கேட்டு எழுதிக் குடுத்து மூணு வாரம் ஆச்சு. வந்ததும் மாட்டிடறேன். அதுவரைக்கும் படிதான். கைப்பிடியைப் பிடிச்சு ஏறுங்க.”

இவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது, வணக்கம்கூடக் கிடையாது. ஆனால் மூன்று வாரமாக வராத சக்கரம் மறுநாள் காலையில் வந்துவிடும். எப்படி வருகிறது என்று கிரீஸக்காவுக்கு விளங்கியதே இல்லை. வாரியத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் வாரியத் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

தலைவருக்கு ஐம்பத்தேழு வயது. தினமும் நாற்பது நிமிடம் நடை இயந்திரத்தில் நடப்பவர். சந்தித்த ஐந்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுவார். அவருக்கு வலப்பக்கம் சட்ட அலுவலர், இடப்பக்கம் மக்கள் தொடர்பு அதிகாரி. இந்த அம்மையார் தலைவர் பேசி முடிக்கும் முன்பே தலையாட்டத் தொடங்கும் அளவுக்கு அனுபவசாலி.

“நீ பண்றது தப்புன்னு சொல்லலம்மா,” என்றார் தலைவர். “உண்மையைத்தான் சொல்றே. ஆனா உண்மையை யார் வேணா சொல்லலாம்னு ஆயிட்டா அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?”

கிரீஸக்கா கைகளை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“அதுவும் கைப்பேசியில,” என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி. “படம் ஆடுது. பின்னாடி எண்ணெய் டப்பா தெரியுது. நம்ம வாரியத்துக்குன்னு ஒரு தோற்றம் இல்லையா?”

அதனால் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டிருந்தன. இனிமேல் கைப்பேசிப் படம் கூடாது. வாரியமே சொந்தமாக வ்லாக் தொடங்கும். அதற்குத் தகுந்த காமிராவைத் தேர்ந்தெடுக்க இந்த மூவரும் அடங்கிய ஒரு குழு அமைக்கப்படும்.

“வ்லாக்னா என்ன?” என்று சட்ட அலுவலர் கேட்டார்.

“நடந்துக்கிட்டே பேசறது சார்,” என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி.

“அதை நான் இருபது வருஷமா வராந்தாவுல பண்ணிட்டிருக்கேனே.”

அன்றைக்கு மூன்றாவது பிளாக் லிஃப்ட் நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. கதவு பூட்டிக்கொண்டது என்ற சேதியை இயந்திரத்துக்குச் சொல்லும் பூட்டு தேய்ந்துபோயிருந்தது. புதுப் பூட்டு அன்று காலையில்தான் ஸ்டோருக்கு வந்தது. கிரீஸக்கா கைகளைப் பின்னால் வைத்தபடியே, “அப்ப மதியம் அதை மாட்டிடட்டுமா சார்?” என்று கேட்டாள்.

“மாட்டலாம். மாட்டத்தான் போறோம்,” என்று தலைவர் சிரித்தார். “நம்ம முதல் நிகழ்ச்சியே அதுதான். காமிரா முன்னாடி, மக்கள் முன்னாடி. அதுவரைக்கும் அந்தப் பூட்டை யாரும் தொடக் கூடாது. சீல் வைக்கச் சொல்லிட்டேன்.”

“காமிரா எப்ப சார் வரும்?”

“குழு போட்டாச்சேம்மா. இனி என்ன தாமதம்?”

கிரீஸக்கா யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த வழியைச் சொன்னாள். “சார், இப்ப மாட்டிடறேன். காமிரா வந்ததும் கழட்டிட்டு மறுபடி மாட்டற மாதிரி எடுத்துக்கலாம்.”

சட்ட அலுவலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஓடற லிஃப்டை ரிப்பேர்னு காட்டறதா? பொதுமக்களை ஏமாத்தச் சொல்றீங்களா?”

மூவரும் அவளை வருத்தத்தோடு பார்த்தார்கள்.

மூன்றாவது பிளாக்கின் ஒன்பதாவது மாடியில் அவளுடைய தம்பி இருந்தான். கடிகாரம் பழுதுபார்ப்பவன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு லாரி அவன் வலது காலின்மேல் ஏறி இறங்கியதில், காலுக்குள் கம்பியும் கைகளுக்குக் கீழே இரண்டு ஊன்றுகோலும் வந்து சேர்ந்தன. லிஃப்ட் இருந்தவரை அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. காலையில் எட்டரைக்கு இறங்கினால் ஒன்பதுக்குக் கடை திறந்திருக்கும்.

ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒன்பது மாடிக்கு நூற்றி அறுபத்திரண்டு.

“அக்கா, வயரை ஏதாவது சுத்தி ஓட்டி விட முடியாதா?” என்று முதல் வாரத்தில் கேட்டான்.

“ஓட்டலாம்டா. அப்புறம் ஒருநாள் கதவு திறக்கும், உள்ள லிஃப்ட் இருக்காது. குழிதான் இருக்கும். எந்தப் பிள்ளையாவது காலை வெச்சா?”

“சரி, வேண்டாம். உங்க காமிரா வர்ற வரைக்கும் நான் உள்ளயே கிடக்கறேன். மூணு வேளையும் சாப்பாடு மட்டும் மேல வந்தாப் போதும், அரசனாட்டம் இருப்பேன்.”

வேலைக்குப் போகும்முன் ஒருதரம், வேலை முடிந்தபின் ஒருதரம் என்று கிரீஸக்கா ஏறினாள். தம்பியின் மனைவி துணி ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பவள். அவள் பங்குக்கு அவளும் ஏறினாள். வாடிக்கையாளர்களின் கடிகாரங்களைக் கொஞ்ச நாள் கிரீஸக்காவே பையில் போட்டு மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்தாள். அப்புறம் கடிகாரம் கொடுப்பவர்கள் குறைந்தார்கள்.

இதற்கிடையில் தேர்வுக் குழு மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது.

வாரியத்திலேயே படம் எடுத்துப் பழகியவள் கிரீஸக்கா ஒருத்திதான் என்பதால் அவளைச் சிறப்பு அழைப்பாளராகச் சேர்த்தார்கள். சிறப்பு அழைப்பாளர் கூட்டத்தில் உட்காரலாம். பேசுவதற்கு விதி இல்லை. கேட்டால் பதில் சொல்லலாம். முதல் கூட்டத்தில் ஒரு விற்பனையாளர் மூன்று காமிராக்களை மேசைமேல் வைத்துவிட்டு, ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

முதலாவது சின்னது. அதன் திரையை முன்பக்கமாகத் திருப்பிக்கொள்ளலாம். பேசுகிறவர் தன்னைப் பார்த்துக்கொண்டே பேசலாம். நடந்தாலும் படம் ஆடாது. கிரீஸக்காவுக்கு அது கையில் எடுத்ததுமே பிடித்துவிட்டது.

தலைவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “என்ன இது, பல் தேய்க்கற பிரஷ் டப்பா மாதிரி இருக்கு. இதுக்கு முன்னாடி நின்னு நான் பேசினா யார் நம்புவாங்க?”

இரண்டாவதை யாரும் தொடவில்லை. மூன்றாவது காமிரா வேறு ஜாதி. பழைய காலத்துக் காமிரா போன்ற உருவம். வெள்ளி நிற மேல்பாகம், பழுப்புத் தோல் போர்த்திய உடம்பு, தலைமேல் மூன்று டயல்கள். உள்ளே எல்லாம் புதுசு என்று விற்பனையாளர் சொல்லியிருந்தார். தலைவர் ஒரு டயலைத் திருப்பினார். ‘டிக்’ என்றது. இன்னொரு முறை திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் முறை திருப்பினார்.

“கேட்டீங்களா? இந்தச் சத்தத்துல ஒரு அதிகாரம் இருக்கு.”

“மேசைமேல வெச்சா மேசைக்கே ஒரு மரியாதை சார்,” என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி.

“பழசாத் தெரியணும். ஆனா பழசா இருக்கக் கூடாது,” என்றார் தலைவர். “நம்ம வாரியத்தோட கொள்கையே அதுதானே. இல்ல, மாத்திச் சொல்றேனா?”

மக்கள் தொடர்பு அதிகாரி இரண்டுக்கும் தலையாட்டினார். பிறகு அவர் கிரீஸக்காவின் பக்கம் திரும்பி, உன் கருத்து என்னம்மா என்று கேட்டார்.

“இதுல திரை முன்னாடி திரும்பாது சார். நீங்க உங்களைப் பார்த்துக்க முடியாது. நடந்தா படம் ஆடும். இருபது நிமிஷம் தொடர்ந்து ஓடினா சூடாகி நின்னுடும்னு கடைக்காரரே சொன்னார். பிடிச்சுக்கறதுக்குப் பிடியும் இல்ல.”

“பதிவு பண்ணிக்கங்க,” என்றார் தலைவர். “சிறப்பு அழைப்பாளர் ஒத்துக்கொண்டார்.”

வெள்ளி நிறமா, முழுக் கறுப்பா என்பதற்கு மட்டும் மூன்று கூட்டங்கள் நடந்தன. தோலின் நிறத்துக்குத் தனியாக ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குச் சட்ட அலுவலர் தன் வீட்டுச் சோபாவின் கைப்பிடித் துணியை மாதிரிக்குக் கொண்டுவந்தார். நடந்துகொண்டே பேசும் திறனைச் சோதிக்க ஒரு முழு நாள் ஒதுக்கப்பட்டது. தலைவர் கூட்ட மேசையைச் சுற்றி நடந்தபடியே வாரியத்தின் சாதனைகளைப் பேசினார். கிரீஸக்கா கடன் வாங்கிய காமிராவோடு பின்னோக்கி நடந்தாள். இருபத்தோராவது நிமிடத்தில், அவர் தன்னுடைய எளிமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது காமிரா சூடாகி நின்றது. தலைவர் பேசும்போது காமிரா நின்றதற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கும்படி மறுநாள் கிரீஸக்காவுக்குக் குறிப்பாணை வந்தது. ‘சூடு’ என்று எழுதிக் கொடுத்தாள். பதில் மரியாதைக்குறைவாக இருப்பதாக இன்னொரு குறிப்பாணை வந்தது.

நான்காவது மாதம் காமிரா வந்தது. எல்லாம் முடிந்தது என்று கிரீஸக்கா அன்றைக்குப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறித் தம்பியிடம் சொன்னாள். அவசரப்பட்டுவிட்டாள். ஸ்டோர் அதிகாரி பெட்டியைப் பிரித்து, விவரச்சீட்டை வாசித்தார். ‘மிரர்லெஸ்’ என்று இருந்தது. அதாவது கண்ணாடி இல்லை. அவர் ஒழுங்கானவர். பதிவேட்டில் இப்படி எழுதினார்: காமிரா ஒன்று, வரப்பெற்றது. கண்ணாடி, வரவில்லை.

குறையோடு வந்த பொருளை வாரியம் ஏற்க முடியாது. கண்ணாடியை உடனே அனுப்பி வைக்குமாறு சட்ட அலுவலர் விற்பனையாளருக்கு எழுதினார். கண்ணாடி இல்லாததுதான் இந்த வகைக் காமிராவின் சிறப்பு என்று விற்பனையாளர் பணிவோடு பதில் எழுதினார். இல்லாத ஒன்றைச் சிறப்பென்று சொல்லி விற்பது மோசடி என்று சட்ட அலுவலர் எழுதினார். “நாமளும் இடையூறில்லா லிஃப்ட் சேவைன்னுதானே சார் போட்டிருக்கோம்,” என்று மக்கள் தொடர்பு அதிகாரி நினைவூட்டினார். “அதுல இல்லாதது இடையூறு. இதுல இல்லாதது கண்ணாடி. ரெண்டும் ஒண்ணா?” என்றார் சட்ட அலுவலர். கடிதங்கள் மூன்று மாதம் போய் வந்தன. கடைசியில் வாரியத்தின் தச்சரைக் கூப்பிட்டு, லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டச் சொன்னார்கள். இப்போது பதிவேடும் நேராயிற்று, தலைவருக்குத் தன் முகமும் தெரிந்தது.

அந்தக் கண்ணாடிக் கடிதங்களின் இரண்டாவது மாதத்தில்தான் தம்பிக்கு மருத்துவமனையில் காலைக் காட்ட வேண்டிய நாள் வந்தது. வேறு வழியில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து நான்கு பேர் வந்து, அவனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கிரீஸக்கா ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். நான்காவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. விழவில்லை. ஆனால் தம்பி சுவரைப் பிடிக்கக் கை நீட்டி, சுவரில் பிடிக்க ஒன்றுமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டான். அப்போது ஒரு கதவு திறந்து, ஒரு குழந்தை, “அம்மா, இந்த மாமாவை எங்க எடுத்துட்டுப் போறாங்க?” என்று கேட்டது.

அன்று மாலை அவன் சொன்னான். “இனிமே என்னைத் தூக்க வேண்டாம்க்கா. அலமாரியைத் தூக்கற மாதிரி இருக்கு. ஆனா அலமாரிக்கு வெட்கம் கிடையாது.”

கடை இருந்த கட்டிடத்தின் சொந்தக்காரர், மூடியே கிடக்கிறதே என்று வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாக அதே வாரம் ஆள் அனுப்பிச் சொன்னார். தம்பி மேசை விளக்கைப் போட்டான். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, பழுதில்லாத ஒரு கடிகாரத்தைப் பிரித்துப்போட்டுத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தான்.

கிரீஸக்கா சாந்தமானவள்தான். ஆனால் அன்று இறங்கும்போது ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டே இறங்கினாள். இத்தனை மாதத்தில் அவள் ஏறிய படிகளை வாரியத்தின் ஆட்கள் ஏற வேண்டும் என்று ஒரு எண்ணம் அவளுக்கு வந்தது. எப்படி என்று தெரியவில்லை. எண்ணம் மட்டும் வந்து, உள்ளங்காலில் ஆணி மாதிரி உட்கார்ந்துகொண்டது.

வழியை வாரியமே அமைத்துக் கொடுத்தது.

முதல் நிகழ்ச்சிக்கான வசனத்தை மக்கள் தொடர்பு அதிகாரி எழுதி, சட்ட அலுவலர் திருத்தி, தலைவர் ஒப்புதல் அளித்து, ஒரு பிரதி கிரீஸக்காவின் கைக்கு வந்தது. ‘தலைவர் தரைத்தளத்திலிருந்து ஒன்பதாம் தளம் வரை, ஓய்வறியாத நடையுடன், இடைவெட்டில்லாத ஒரே காட்சியில், பேசிக்கொண்டே படியேறுகிறார். குழுவினர் உடன் ஏறுகிறார்கள். மேலே பயனாளியின் குறையைக் கேட்கிறார். பின் லிஃப்ட் சரிசெய்யப்படுகிறது.’ எழுதிய அம்மையார் தனி வீட்டில் குடியிருப்பவர். அங்கே மாடி கிடையாது. தலைவர் நடை இயந்திரத்தில் நடப்பவர். அதில் படி கிடையாது.

கிரீஸக்கா அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

குறித்த நாளில் காலை பத்து மணிக்கு மூவரும் வந்தார்கள். தலைவர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சட்ட அலுவலர் கழுத்தில் டை. மக்கள் தொடர்பு அதிகாரி குதிகால் உயர்ந்த செருப்பு. ஸ்டோர் அதிகாரி, சீல் வைத்த பூட்டை ஒரு தட்டில் வைத்துத் தரைத்தளத்திலேயே நின்றார். அவருக்குப் படியேறும் வேடம் இல்லை.

“நடை எனக்குப் புதுசு இல்ல,” என்று தலைவர் கண்ணாடியில் தலையைக் கோதிக்கொண்டார். “தினமும் நாற்பது நிமிஷம்.”

கிரீஸக்கா காமிராவைத் தூக்கிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால், பின்னோக்கி ஏறத் தொடங்கினாள். அவளுக்கு இந்தப் படிகள் கண்ணை மூடினாலும் தெரியும்.

இரண்டாவது மாடி வரை தலைவர் வாரியத்தின் வரலாற்றைச் சொன்னார். மூன்றாவது மாடியில் வாக்கியங்கள் சுருங்கின. நான்காவதில் ஒரு அம்மா ஈரத்துணி வாளியோடு எதிரே வந்து, “சார், நீங்கதான் வாரியமா? இருங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்று கூடவே ஏறினாள். ஐந்தாவதில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஆறாவது மாடியில் தலைவர், “மக்களோடு... மக்களாக...” என்று சொல்லிவிட்டு மீதியைக் கையால் காட்டினார். ஏழாவது மாடியில் காமிரா சூடாகி நின்றது.

“நின்னுடுச்சு சார்,” என்றாள் கிரீஸக்கா. அது உண்மை.

“சரி, இங்கேருந்து தொடங்கலாம்.”

“இடைவெட்டில்லாத ஒரே காட்சின்னு போட்டிருக்கு சார்.” மடித்த தாளை எடுத்துக் காட்டினாள். “உங்க கையெழுத்து.”

சட்ட அலுவலர் தாளை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் இறங்கினார்கள்.

காமிரா குளிர்ந்தபின் இரண்டாம் முறை ஏறினார்கள். இந்தத் தடவை தலைவர் பேச்சைக் குறைத்து மூச்சைச் சேமித்தார். மக்கள் தொடர்பு அதிகாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். சட்ட அலுவலரின் டை அவருடைய சட்டைப் பைக்குள் போயிருந்தது. காமிரா நிற்கவில்லை. ஒன்பதாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது தம்பி, ஊன்றுகோல்களின்மேல் சாய்ந்து, வாசலில் காத்துக்கொண்டிருந்தான்.

“ஐயா...” என்றார் தலைவர். சுவரில் கை ஊன்றினார். “வாரியத்தோட... சேவை... எப்படி?”

“மூச்சு வாங்குதா சார்? உட்காருங்க,” என்று தம்பி முக்காலியை நகர்த்திப் போட்டான். “முதல் மாசம் அப்படித்தான் இருக்கும். என்னை நாலு பேர் தூக்கிட்டு இறங்கினாங்களே, அவங்களுக்கும் இப்படித்தான் வாங்குச்சு. நான் கனம் கம்மிதான். ஆனா சுவத்துல பிடிக்க ஒண்ணும் இல்ல பாருங்க.”

தலைவர் தலையசைத்தார். தலையசைக்க மட்டும்தான் அவரால் முடிந்தது.

கிரீஸக்கா காமிராவின் திரையைப் பார்த்தாள். காட்சி மிக நன்றாக வந்திருந்தது. இதோடு முடிந்தது, பூட்டைக் கொண்டுவரச் சொல்லி மாட்டினால் மதியத்துக்குள் லிஃப்ட் ஓடும். தம்பியைப் பார்த்தாள். நான்காவது மாடித் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்ட முகம் நினைவுக்கு வந்தது. கட்டைவிரலால் வலதுபக்க டயலைக் கடைசிவரை திருப்பினாள். ‘டிக், டிக், டிக்’ என்றது. நல்ல அதிகாரமான சத்தம். திரை இருண்டது.

“சார், ஒரு சின்னத் தப்பு.”

தலைவர் திரையை எட்டிப் பார்த்தார். “இது யாரு?”

“நீங்கதான் சார். டயல் திரும்பியிருக்கு. முகமே விழல.”

“முகமே விழலையா?”

“ஒரு நிழல் ஏறி வர்ற மாதிரி இருக்கு சார். போதும்னா இதையே போட்டுடலாம்.”

தலைவர் முக்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். முகம் இல்லாமல் படியேறியது யாருக்குத் தெரியப்போகிறது? எழுந்து, கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கத் தொடங்கினார். சட்ட அலுவலர் அவரைத் தொடர்ந்தார். மக்கள் தொடர்பு அதிகாரி உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்தார். தம்பி அக்காவைப் பார்த்தான்.

“என்னக்கா, நிஜமாவே டயல் திரும்பிடுச்சா?”

“ஆமாண்டா,” என்றாள் கிரீஸக்கா. “நான் பார்க்கும்போதே திரும்பிடுச்சு.”

மூன்றாம் ஏற்றம் ஆறாவது மாடிவரைதான் நடந்தது. அங்கே தலைவர் படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கூட ஏறிவந்த குடித்தனக்காரர்கள் இருபது பேருக்குமேல் மேலும் கீழும் நின்றார்கள். ஈரத்துணி அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார். கிரீஸக்கா டயலைச் சரியான இடத்தில் வைத்து, அவருக்கு நேரே காமிராவைப் பிடித்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் அழகாக விழுந்தது.

“மேல போலாமா சார்?”

“எதுக்கு?” என்றார் தலைவர். காலிச் சொம்பைப் படியில் ணங்கென்று வைத்தார். “எதுக்குங்கறேன்? அந்த இழவெடுத்த பூட்டு எட்டு மாசமா என் சீலோட ஸ்டோர்ல கிடக்கு! ஒரு மணி நேர வேலைன்னு இந்தம்மா அன்னைக்கே மாட்டறேன்னுச்சு! நான்தான் வேணாம்னேன்! வெள்ளியா கறுப்பான்னு மூணு மீட்டிங் பேசினேன்! மாட்டித் தொலைங்களேன்யா!”

“சார், இதெல்லாம் பதிவாகுது. சட்டப்படி...” என்று சட்ட அலுவலர் தொடங்கினார்.

“என்னய்யா சட்டம்? எந்தச் சட்டத்துல போட்டிருக்கு?”

“எதுலயும் இல்ல சார்,” என்றார் சட்ட அலுவலர். அவருக்கும் நிற்க முடியவில்லை. பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். “தடை இருக்குன்னு சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. இல்லன்னு சொன்னா வேலை பார்க்கணும். அதனால எப்பவும் இருக்குன்னுதான் சொல்றது.”

இரண்டு படி கீழேயிருந்து மக்கள் தொடர்பு அதிகாரியின் குரல் வந்தது. “எனக்கு வ்லாக்னா என்னன்னு இப்பவும் தெரியாது சார்.”

ஸ்டோர் அதிகாரி தட்டோடு ஆறு மாடியும் ஏறிவந்தார். கிரீஸக்கா சீலை உடைத்தாள். பூட்டை மாட்ட ஐம்பது நிமிடம் ஆயிற்று. விதிப்படி பத்துத் தடவை ஆள் இல்லாமல் லிஃப்டை ஓட்டிப் பார்த்தாள். பதினோராவது தடவை ஒன்பதாவது மாடியில் கதவு திறந்தபோது தம்பி ஊன்றுகோலை முதலில் உள்ளே வைத்து, தரை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, பிறகு ஏறினான். ஆறாவது மாடியில் மூன்று அதிகாரிகளும் ஏறிக்கொண்டார்கள்.

இறங்கும்போது தலைவர் காமிராவில் ஒட்டிய கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். தலையைக் கோதினார். நான்காவது மாடிக்குள் முதுகு நிமிர்ந்தது. இரண்டாவது மாடிக்குள் அவர் பழையபடி தலைவராகிவிட்டார்.

“மூணு தடவை ஏறியிருக்கேன்,” என்றார். “நம்ம மேலிடத்துல ஒருத்தராவது ஒரு தடவை ஏறியிருப்பாங்களா? மூணும் வரணும். ஒரு நொடிகூட வெட்டக் கூடாது.”

“ஆறாவது மாடியில பேசினதும் வரணுமா சார்?”

“குறிப்பா அது. அங்கதான் வெளிச்சம் நல்லா இருந்துது.”

சட்ட அலுவலர் வாயைத் திறந்தார். இருபது வருட அனுபவம் அதை மூடியது.

“எழுத்துல குடுத்துடுங்க சார்,” என்றாள் கிரீஸக்கா. “அப்புறம் எனக்குக் குறிப்பாணை வரும்.”

வசனத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிரீஸக்கா கறுப்பேறிய கையை முன்னால் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலையே படம் வெளியானது. பன்னிரண்டு பிளாக்கிலும் பார்த்தார்கள். ஆறாவது மாடிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இரண்டே நாளில், படிகளில் விளையாடும் குழந்தைகள் ஒருவர் தலைவராகவும் ஒருவர் சட்டமாகவும் உட்கார்ந்து, “எதுலயும் இல்ல சார்” என்று சொல்லிச் சிரித்தார்கள். கடைத் தெருவில் சட்ட அலுவலரைப் பார்த்த ஒருவர், வீட்டில் தக்காளி இருக்கிறதா என்று கேட்ட தன் மனைவியிடம், “இல்லன்னு சொன்னா வேலை பார்க்கணும், அதனால இருக்கு” என்றார். தலைவர் மூன்று நாள் அலுவலகத்துக்கு வரவில்லை. தம்பி புதுக் கடை தேடிக் கீழே இறங்கி, மூன்றாவது பிளாக்கின் வாசலிலேயே மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை போட்டுக்கொண்டான். முதல் வாடிக்கை ஈரத்துணி அம்மா. அவளிடம் இருந்தது ஓடாத சுவர்க் கடிகாரம்.

கிரீஸக்கா வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தாள். நான்காம் நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மேலிடத்தில் எந்தப் படத்தையும் முதல் இரண்டு நிமிடத்துக்குமேல் பார்க்கும் வழக்கம் இல்லை. அந்த இரண்டு நிமிடத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு தலைவர் மக்களை நோக்கிப் படியேறிக்கொண்டிருந்தார். மேலிடம் உள்ளம் குளிர்ந்து பாராட்டியிருந்தது. ‘படிப்படியாக மக்களிடம்’ என்ற தலைப்பில் இதை வாராந்தரத் தொடராக்க வேண்டும். மீதமுள்ள பதினொரு பிளாக்கிலும் தலைவர் இதே குழுவுடன், இதே காமிராவில், உச்சித் தளம் வரை ஏறிக் குறை கேட்க வேண்டும். படமெடுக்கும் பொறுப்பு, முதல் நிகழ்ச்சியைச் சிறப்பாக எடுத்த அதே ஊழியருக்கு.

கடிதத்தை வாசித்த அரை மணி நேரத்தில் தலைவர் எல்லா ஸ்டோர் சீல்களையும் உடைக்கச் சொன்னார். குழு கூடவில்லை, கோப்பு நகரவில்லை. சக்கரமும் கயிறும் பூட்டும் வண்டி வண்டியாக வந்து இறங்கின. வருடக்கணக்கில் நின்றிருந்த லிஃப்டுகளைக்கூட கிரீஸக்கா அந்த வாரத்திலேயே ஓட்டிவிட்டாள். வாரியத்தின் வரலாற்றில் பன்னிரண்டு லிஃப்டும் ஒன்றாக ஓடியது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான்காவது பிளாக். பதினொரு மாடி. தலைவர் புன்னகையோடு வந்தார். நேராக லிஃப்டை நோக்கி நடந்து, தானே பொத்தானை அமுக்கினார். மணிச் சத்தத்தோடு கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது. தலைவர் ஒரு காலை உள்ளே வைத்தார்.

கிரீஸக்கா மேலிடத்துக் கடிதத்தின் பிரதியை ஒரு கையிலும் காமிராவை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“சார்,” என்றாள் மரியாதையாக. “படி இந்தப் பக்கம்.”